ஆறு பேர் ஹாலில், இரண்டு பேர் மணலில்: ஒலிம்பிக்கில் வாலிபால் ஏன் இரண்டு ஆட்டம்?

2024 ஆகஸ்ட் 11, பாரிஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள். நகரின் தெற்கு ஓரத்தில், போர்த் த வெர்சாய் கண்காட்சி வளாகத்து அரங்கில் பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம். இத்தாலியும் அமெரிக்காவும் மோதின. மூன்றே செட்டில் கதை முடிந்தது: 25-18, 25-20, 25-17. ஆண்கள், பெண்கள் இரண்டையும் சேர்த்து இத்தாலிக்கு வாலிபாலில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். கேமரா இத்தாலியின் நட்சத்திரம் பாவோலா எகோனுவின் பின்னால் ஓடியது. எனக்கோ இரண்டு பயிற்சியாளர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

இத்தாலிப் பக்கம் ஹூலியோ வெலாஸ்கோ, 72 வயது, அர்ஜென்டினாவில் பிறந்தவர். அமெரிக்கப் பக்கம் கார்ச் கிராய். முந்தைய நாள் இதே அரங்கில் பிரான்ஸ் ஆண்கள் போலந்தை 3-0 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியிருந்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் ஆந்த்ரேயா ஜானி, இத்தாலிக்காரர். இந்த மூன்று பேரும் 28 வருடத்துக்கு முன்னால் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இருந்தார்கள். வெலாஸ்கோ அப்போது இத்தாலி ஆண்கள் அணியின் பயிற்சியாளர், ஜானி அந்த அணியின் ஆட்டக்காரர். 1990, 1994 என்று அடுத்தடுத்து இரண்டு உலக சாம்பியன்ஷிப் பட்டங்களை வென்றிருந்த அந்த அணி, இறுதி ஆட்டத்தின் ஐந்தாவது செட்டில் நெதர்லாந்திடம் 17-15 என்று தோற்றது. கிராய் அந்த அரங்கிலேயே இல்லை. அவர் அட்லாண்டாவுக்குத் தெற்கே ஜோன்ஸ்பரோ என்ற சிற்றூரில், கடலே இல்லாத இடத்தில் கொட்டிய மணலில் நின்று வேறொரு தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் வாலிபால் இரண்டாகப் பிரிந்தது அந்தக் கோடையில்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இது கைப்பந்து. ஆனால் ஹேண்ட்பால் என்ற வேறு ஆட்டத்துக்கும் சிலர் அதே பெயரைச் சூட்டிவிடுவதால் ஒலிம்பிக் சமயத்தில் குழப்பம் வருகிறது. இலங்கைத் தமிழர் கரப்பந்தாட்டம் என்கிறார்கள். அங்கே 1991 முதல் இதுதான் தேசிய விளையாட்டு. மைதானத்தில் எல்லோர் வாயிலும் வருவது வாலிபால்தான். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஹாலுக்கும் மணலுக்கும் ஆட்டம் ஒன்றுதானே, தரைதான் வேறு என்று நினைப்பவர்கள் உண்டு. வலையின் உயரம் இரண்டிலும் ஒன்று: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். பந்தின் எடையும் ஒன்று: 260 முதல் 280 கிராம். பந்தை மூன்று தொடுதலுக்குள் எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும் என்பதும் ஒன்று. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

ஹாலில் ஒரு அணியின் பாதி 9 மீட்டருக்கு 9 மீட்டர், 81 சதுர மீட்டர். அதை ஆறு பேர் காக்கிறார்கள், ஆளுக்கு 13.5 சதுர மீட்டர். மணலில் பாதி ஆடுகளம் 8 மீட்டருக்கு 8 மீட்டர், 64 சதுர மீட்டர், காப்பது இரண்டே பேர். ஆளுக்கு 32. அதாவது ஒரு சின்ன வீட்டின் கூடத்தைக் காப்பதற்கும் முழு வீட்டையும் காப்பதற்கும் உள்ள வித்தியாசம், அதுவும் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழ மணலில் கால் புதையப் புதைய. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவருக்குக் கால் பிசகினால் ஜோடியே வெளியே.

பந்தின் எடை ஒன்றுதான் என்றேன், காற்றழுத்தம் ஒன்றல்ல. ஹால் பந்தில் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை காற்று. மணல் பந்தில் 0.175 முதல் 0.225 வரைதான். மணல் பந்து சுற்றளவிலும் ஒரு சென்டிமீட்டர் பெரியது. தளர்ந்த பந்தை வெளிக்காற்று தன் இஷ்டத்துக்கு இழுக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மாலை, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நான் போட்ட சர்வீஸ் எல்லைக்கோட்டைத் தாண்டி ஐஸ்கிரீம் வண்டி வரைக்கும் போனது. பக்கம் மாறி, கடலைப் பார்த்து நின்று அதே பலத்தில் போட்டேன், வலையைக்கூடத் தாண்டவில்லை. மணல் ஆட்டத்தில் இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி ஏழு ஏழாக வரும்போதெல்லாம் பக்கம் மாற்றுவது இதற்காகத்தான். காற்றும் வெயிலும் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. மூன்றாவது செட்டில் அது ஐந்து ஐந்தாகும்.

விதிகளில் மூன்று வேறுபாடுகள்தான் ஆட்டத்தின் குணத்தையே மாற்றுகின்றன. முதலாவது பிளாக், அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே தாவிக் கையால் தடுப்பது. ஹாலில் பிளாக்கில் கை பட்டால் அது தொடுதல் கணக்கில் வராது, அதன் பிறகும் மூன்று தொடுதல் இருக்கிறது. மணலில் அது கணக்கில் வரும், மிச்சம் இரண்டுதான். அதாவது பிளாக் செய்தவரின் கையில் உரசி வந்த பந்தை எடுப்பவர், அந்த ஒரே தொடுதலில் காப்பாற்றவும் வேண்டும், கூட்டாளி அடிக்கிற மாதிரி எழுப்பியும் தர வேண்டும். இரண்டாவது, விரல் நுனியால் பந்தை மெல்லத் தட்டி பிளாக்கின் பின்னால் போடும் வித்தை. ஹாலில் அதற்குக் கைதட்டு கிடைக்கும். மணலில் அது ஃபவுல். அதனால் மணல்காரர்கள் விரலை மடக்கி விரல்மூட்டால் தள்ளுகிறார்கள், அல்லது விரல்களைப் பாம்புப் படம் போல விறைப்பாக நீட்டிக் குத்துகிறார்கள். மூன்றாவது, விரல்களால் செட் செய்யும்போது, அதாவது கூட்டாளி அடிப்பதற்காக எழுப்பித் தரும்போது, பந்து கொஞ்சம் சுழன்றாலும் மணல் நடுவர் முறைப்பார். ஹால் நடுவர் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

டிவியில் மணல் ஆட்டம் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். சர்வீஸ் போடுவதற்கு முன் வலையருகே நிற்பவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல் காட்டுவார். எதிரணிக்குத் தெரியாமல் கூட்டாளிக்கு மட்டும் போகும் சேதி அது. ஒரு விரல் என்றால் நேர்கோட்டை நான் மறைக்கிறேன், குறுக்கே வருவதை நீ பார்த்துக்கொள். இரண்டு விரல் என்றால் குறுக்கை நான் மறைக்கிறேன், நேர்கோடு உன்னுடையது. இடது கை எதிரணியின் ஒரு ஆளுக்கு, வலது கை இன்னொரு ஆளுக்கு. பின்னால் நிற்பவர் சரி என்று வாயால் சொல்லிவிட்டு சர்வீஸுக்கு ஓடுவார். நெடுங்காலம் இந்த ஆட்டத்தில் ஓரத்தில் உட்கார்ந்து திட்டம் சொல்லப் பயிற்சியாளருக்கு இடமே இருந்ததில்லை. திட்டம், திருத்தம், திட்டு எல்லாமே அந்த இரண்டு பேருக்குள் முடிந்தாக வேண்டும். ஹாலில் நடப்பது நேர் எதிர். பெஞ்சில் ஒரு பட்டாளம், கணினி வைத்துக்கொண்டு எதிரணி செட்டர், ஆட்டக்காரர்கள் இடம் மாறி நிற்கும் எந்தச் சுழற்சியில் யாருக்குப் பந்து தருவார் என்று எண்ணுகிற ஆள், ஒரேயொரு சர்வீஸ் போடுவதற்காக உள்ளே வந்து திரும்பும் ஆட்டக்காரர்.

ஹால் வாலிபால் ஆளுக்கொரு வேலை என்று ஆகிவிட்ட ஆட்டம். செட்டர் எழுப்புவார். வலையின் நடுவில் நிற்கும் நெட்டையர் பிளாக் செய்வார், வேகப் பந்து அடிப்பார், பின்வரிசைக்குப் போனதும் வெளியே போய்விடுவார். அவர் இடத்துக்கு வேறு நிறச் சட்டையோடு லிபரோ வருவார். அவருக்கு பிளாக் செய்ய அனுமதி இல்லை, வலைக்கு மேலே அடிக்க அனுமதி இல்லை. விழும் பந்தை எடுப்பது ஒன்றே பிழைப்பு. 1998-இல் இந்த இடத்தை உருவாக்கினார்கள், ஒலிம்பிக்கில் 2000 சிட்னியில் அறிமுகமானது. சர்வீஸ் யாருடையதானாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்ற முறையும் எல்லா செட்டுக்கும் சிட்னியில்தான் வந்தது. அதற்கு முன் முதல் நான்கு செட்டிலும் சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி. ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது, தொலைக்காட்சிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் எல்லா வேலையும் செய்த காலம் ஒன்று இருந்தது. வாலிபால் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது 1964 டோக்கியோவில். அங்கே சோவியத் பெண்களை 3-0 என்று தோற்கடித்துத் தங்கம் வென்ற ஜப்பான் அணியில் பெரும்பாலோர் ஒசாகா பக்கத்து நூற்பாலை ஒன்றின் தொழிலாளிகள். நிச்சிபோ கைசுகா என்பது ஆலையின் பெயர். பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு அவர்களைப் பந்தை நோக்கி விழச் சொல்லி, விழுந்த வேகத்திலேயே தோளால் உருண்டு எழச் சொல்லி, பகல் வேலை முடிந்த பிறகு நள்ளிரவு தாண்டியும் பழக்கினார். அந்த ஆட்டத்தை டோக்கியோ வட்டாரத்தில் 66.8 சதவீத வீடுகள் டிவியில் பார்த்தன. ஜப்பான் டிவி வரலாற்றில் இன்றும் பேசப்படும் எண் அது. உருண்டெழும் அந்த வித்தை பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அவர்கள் வயிற்றால் சறுக்காமல் தோளால் உருண்டதற்குக் காரணம் தரை கடினம் என்பதுதான். மணலில் அந்தக் கவலை இல்லை, தலைகீழாகப் பாயலாம்.

மணல் எப்படி ஹாலை மாற்றியது என்பதற்குக் கிராயைவிட நல்ல சாட்சி இல்லை. அவருடைய அப்பா லாஸ்லோ 1956 எழுச்சியின்போது ஹங்கேரியை விட்டு வந்தவர், அங்கே இளையோர் தேசிய அணியில் ஆடியவர். கலிஃபோர்னியாவில் சாந்தா பார்பரா கடற்கரையில் மகனுக்குப் பந்தைத் தந்தார். 11 வயதில் அப்பாவும் மகனும் ஜோடியாகப் பெரியவர்களின் போட்டியில் இறங்கினார்கள். இரண்டே பேர் ஆடும் மணலில் வளர்ந்தவனுக்கு எதிரணியின் சர்வீஸை வாங்கி எடுக்கத் தெரியாமல் பிழைப்பு நடக்காது. எதிரணி யார் பலவீனமோ அவரைப் பார்த்துத்தான் ஒவ்வொரு சர்வீஸையும் போடும்.

அந்தத் திறமையை 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்கப் பயிற்சியாளர் டக் பீல் ஹாலுக்குள் பயன்படுத்தினார். அதுவரை ஐந்து பேர் பரந்து நின்று சர்வீஸ் எடுப்பது வழக்கம். பீல் அந்த வேலையைக் கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ் என்ற இரண்டே பேரிடம் விட்டார். மற்றவர்கள் அடிப்பதற்கு மட்டும் ஓடித் தயாரானார்கள். ஹாலின் 81 சதுர மீட்டரை ஏறக்குறைய மணல்காரர்கள் மாதிரி இரண்டு பேர் காத்தார்கள். சோவியத் புறக்கணித்த ஒலிம்பிக் என்று 1984 தங்கத்தைச் சிலர் தள்ளிவைத்தார்கள். 1988 சியோலில் சோவியத்தையே 3-1 என்று வென்றபோது அந்தப் பேச்சு அடங்கியது. இன்று எல்லா நாட்டு ஆண்கள் அணிகளும் பெரும்பாலும் மூன்று பேரை வைத்து சர்வீஸ் எடுக்கின்றன, அதில் ஒருவர் லிபரோ. லிபரோ பிறந்த கதையை எழுதுபவர்கள் விதிப்புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். நானாக இருந்தால் சாந்தா பார்பராவிலிருந்து தொடங்குவேன்.

ஹாலில் இரண்டு தங்கம் வென்ற அதே கிராய் 35 வயதில், கென்ட் ஸ்டெஃபஸை ஜோடியாக்கிக்கொண்டு 1996-இல் மணலிலும் தங்கம் வென்றார். இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அந்த முதல் மணல் ஒலிம்பிக்கே பங்காளிச் சண்டையோடுதான் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் தொழில்முறைச் சங்கம் ஒரு பக்கம், சர்வதேசக் கூட்டமைப்பு இன்னொரு பக்கம். யாருடைய போட்டிகளை வைத்து ஒலிம்பிக்குக்கு ஆள் எடுப்பது என்று இழுபறி. கூட்டமைப்பின் பக்கம் நின்ற சின்ஜின் ஸ்மித், கிராயின் கல்லூரிக் காலத் தோழர், பழைய ஜோடி. காலிறுதியில் விதி இருவரையும் வலையின் இரு பக்கமும் நிறுத்தியது. 17-15. இறுதி ஆட்டத்தைவிட அமெரிக்கர்கள் இன்றும் பேசுவது அந்தக் காலிறுதியைத்தான்.

பெண்கள் பக்கம் நடந்தது இன்னும் சுவையானது. முதல் மணல் தங்கத்தை வென்றவர்கள் பிரேசிலின் ஜாக்கி சில்வாவும் சாண்ட்ரா பீரெஸும். எந்த விளையாட்டிலும் பிரேசில் பெண்கள் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஜாக்கி அதற்கு முன் ஹால் அணியில் செட்டர், 1980, 1984 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடியவர். சட்டையில் விளம்பரதாரர் பெயர் போட்டுக்கொள்ளும் பெண்களுக்குப் பணம் வருவதில்லை என்று அவருக்குக் கோபம். ஒரு நாள் பயிற்சிக்கு அந்தச் சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். அணியில் இடம் போனது. அமெரிக்காவுக்குப் போய் மணலில் சம்பாதிக்கத் தொடங்கினார். ஹால் அவரைத் துரத்தியிருக்காவிட்டால் பிரேசிலின் அந்த முதல் தங்கம் யார் கழுத்தில் விழுந்திருக்குமோ. இப்படி ஒரு பெரிய அமைப்போடு ஒத்துப்போகாதவர்களுக்கு மணல் போக்கிடமாக இருந்தது. ஒரு கூட்டாளி கிடைத்தால் போதும்.

ஒரு கூட்டாளி போதும் என்பதுதான் நாடுகளின் கணக்கையும் மாற்றிவிட்டது. ஹாலில் ஆண்கள் 12 அணி, பெண்கள் 12 அணி. அணிக்கு 12 ஆட்டக்காரர். அந்த 12 பேரையும் உருவாக்க ஒரு நாட்டுக்குப் பள்ளி, கிளப், சம்பளம் தரும் லீக் என்று அடுக்கடுக்காக ஏற்பாடு வேண்டும். அது இத்தாலியிடம் இருக்கிறது, போலந்திடம் இருக்கிறது, பிரேசிலிடம் இருக்கிறது. பாரிஸில் தங்கம் வென்ற பிரான்ஸ் ஆட்டக்காரர்கள்கூட இத்தாலி, போலந்து லீக்குகளில் அடிபட்டுத் தேறியவர்களே. 1964, 1968-இல் சோவியத், 1984, 1988-இல் அமெரிக்கா, அதற்குப் பிறகு ஆண்கள் ஹாலில் அடுத்தடுத்து இரண்டு தங்கம் வென்றது 2021 டோக்கியோவிலும் பாரிஸிலும் பிரான்ஸ்தான். அதுவும் பாரிஸ் காலிறுதியில் ஜெர்மனியிடம் முதல் இரண்டு செட்டை இழந்து, அங்கிருந்து மீண்டு வந்து.

மணலில் 24 ஜோடி ஆண்கள், 24 ஜோடி பெண்கள். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஜோடி. ஹால் வாலிபாலில் ஒலிம்பிக் வாசலைக்கூட மிதிக்காத நார்வே, டோக்கியோவில் மணலில் தங்கம் வென்றது, பாரிஸில் வெண்கலம். ஆண்டர்ஸ் மோல், கிறிஸ்டியான் சோரும். ஆண்டர்ஸின் அம்மா மெரீட்டா பெர்ன்ட்சன் யார் தெரியுமா? 1996-இல் ஜாக்கி தங்கம் வென்ற அதே மணலில், நார்வேக்காக ஆடியவர். அப்பா பயிற்சியாளர். பனி பெய்யும் நாட்டில் ஒரு குடும்பமே மணல் அணியானது. ஆண்டர்ஸ் படித்த வாலிபால் பள்ளி இருக்கும் ஊரின் பெயர் சாந்த். அவர்கள் மொழியில் அதற்கு மணல் என்றே பொருள். இப்படி ஒரு பெயர்ப் பொருத்தத்தைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

டோக்கியோவில் வெண்கலம் வென்ற கத்தார் ஜோடி இன்னொரு வகை. ஷெரிஃப் யூனுஸ் செனகலில் பிறந்தவர், அகமது டிஜான் காம்பியாவில் பிறந்தவர். பணம் உள்ள நாடு இரண்டு பேரைத் தேர்ந்து, பயிற்சி தந்து, பதக்கம் பார்க்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. சுவிட்சர்லாந்துப் பெண்கள் டோக்கியோவில் ஒரு வெண்கலம், பாரிஸில் ஒரு வெண்கலம். 2018 காமன்வெல்த் போட்டியில் வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாட்டின் பெண்கள்கூட வெண்கலம் வாங்கினார்கள். சிறு நாடுகளுக்குக் கதவு திறந்திருக்கிறது, நுழைவுச் சீட்டுதான் விலை அதிகம். ஒலிம்பிக் இடம் பெரும்பாலும் உலகத் தரவரிசைப்படி கிடைப்பது. தரவரிசைப் புள்ளி வேண்டுமென்றால் ஒரு வருடத்தில் பல கண்டங்கள் பறந்து ஆட வேண்டும். விமானக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் ஜோடியின் தலையில், அல்லது ஜோடியை நம்பும் ஒரு புண்ணியவானின் தலையில். மணல் ஏழைகளின் ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1996 முதல் ஒவ்வொரு முறையும் மணலில் ஏதாவதொரு பதக்கத்தோடு வீடு திரும்பிய அமெரிக்கா, பாரிஸில் முதல் முறையாக வெறுங்கையோடு போனது. கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸும் மிஸ்டி மே-ட்ரீனரும் 2004, 2008, 2012 என்று மூன்று ஒலிம்பிக்கில் 21 ஆட்டங்களையும் வென்று, ஒரே ஒரு செட்டை மட்டும் இழந்த நாடு அது.

ஆண்கள் தங்கம் சுவீடனுக்குப் போனது. டேவிட் ஓமான், யோனாதான் ஹெல்விக், இருவருக்கும் வயது 22. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் எலர்ஸ், விக்லர் ஜோடியை 21-10, 21-13 என்று துவைத்துப் போட்டார்கள். ஒலிம்பிக் இறுதியில் இப்படி ஒரு ஸ்கோர் சாதாரணமல்ல. அவர்கள் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மணலில் நெடுங்கால வழக்கம் இது: முதல் ஆள் சர்வீஸை எடுப்பார், இரண்டாவது ஆள் தரையில் நின்று அழகாக செட் செய்வார், முதல் ஆள் ஓடி வந்து அடிப்பார். எதிரணி பிளாக்கருக்கு நேரம் நிறைய. செட் எங்கே போகிறது, அடிப்பவர் எங்கே வருகிறார் என்று பார்த்து நிதானமாகத் தாவலாம். சுவீடன் ஜோடி இரண்டாவது தொடுதலுக்கு நிற்பதில்லை, எகிறுகிறது. முதல் பாஸை வலைக்கு அருகே உயரமாகப் போடுகிறார்கள். இரண்டாவது ஆள் அடிக்கப் போவது மாதிரி தாவி, கை மேலே போன பிறகுதான் முடிவு செய்கிறார்: தானே அடிப்பதா, காற்றிலிருந்தபடியே கூட்டாளிக்குத் தள்ளுவதா. பிளாக்கர் அவரைத் தடுக்கத் தாவினால் பந்து இரண்டு மீட்டர் தள்ளி, வெறும் வலைக்கு எதிரே நிற்கும் கூட்டாளியிடம் போய்விடும். தாவாமல் இருந்தால் அவரே ஓங்கி அடித்துவிடுவார். மணலில் ஒரு முறை கால் அழுத்தித் தாவியவன் இறங்கி மறுபடி தாவுவதற்குள் புள்ளி போய்விடும். ஜெர்மனியின் பிளாக்கர் அன்று இரவு பலமுறை பாதித் தாவலில் உறைந்து நின்றார். பின்னால் நின்ற விக்லர் உலகின் சிறந்த டிஃபென்ஸ்காரர்களில் ஒருவர். முன்னால் இருப்பவரே குழம்பினால் அவர் எங்கே ஓடுவார்?

ஹால் ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தாவி செட் செய்வது, செட்டரே திடீரென்று பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடுவது, நடு பிளாக்கரை ஏமாற்றிக் கூட்டாளிக்கு ஆளில்லா வலையைத் தருவது, இதெல்லாம் அங்கே அன்றாடம். அதை ஆறு பேரிலிருந்து இரண்டு பேருக்குச் சுருக்கியதுதான் சுவீடன் ஜோடியின் சாமர்த்தியம். 1984-இல் மணல் ஹாலுக்குக் கொடுத்ததை 40 வருடம் கழித்து ஹால் மணலுக்குத் திருப்பித் தந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். இனி வரும் ஜோடிகள் இதைத் தவிர்க்க முடியாது; இரண்டு பேருமே சர்வீஸ் எடுக்க வேண்டும், தாவ வேண்டும், தாவிய நிலையில் செட் செய்ய வேண்டும்.

ஹால் ஒலிம்பிக் எந்த ஊரில் நடந்தாலும் ஒரு மாதிரிதான் இருக்கும். மணலுக்கு ஊர் தன் அழகான முற்றத்தைத் தருகிறது. சிட்னியில் பாண்டி கடற்கரை. எங்கள் கடற்கரையில் பத்தாயிரம் பேர் உட்காரும் இரும்புக் கூண்டா என்று ஊர்க்காரர்கள் போராடினார்கள். லண்டனில் பிரதமர் வீட்டுக்குப் பின்பக்கம் குதிரைப்படை அணிவகுக்கும் மைதானம். ரியோவில் கோபகபானா, அதற்கு விளக்கம் வேண்டாம். பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தின் காலடி. இருட்டிய பிறகு கோபுரம் மணிக்கொரு தரம் மின்னத் தொடங்கும்போது, சர்வீஸ் போடப் போகிறவரைவிடக் கோபுரத்தைப் படமெடுத்தவர்கள்தான் அதிகம்.

அங்கேதான் பெண்கள் இறுதி ஆட்டம். பிரேசிலின் அனா பத்ரீசியா, டூடா ஒரு பக்கம். கனடாவின் மெலிசா ஹுமானா-பரேடெஸ், பிராண்டி வில்கர்சன் மறுபக்கம். 26-24, 12-21 என்று ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் வலையருகே அனா பத்ரீசியாவுக்கும் வில்கர்சனுக்கும் வாய்த் தகராறு முற்றியது, விரல் நீண்டது, நடுவர் இடையில் புகுந்தார். மைதானத்து டிஜே சமாதானத்தைப் பற்றிய உலகப் புகழ் பெற்ற ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியது. சண்டை போட்ட இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பிரேசில் 15-10 என்று முடித்தது. ஜாக்கியும் சாண்ட்ராவும் வென்றதற்குப் பிறகு, 28 வருடம் கழித்து, பிரேசில் பெண்களுக்கு மணலில் கிடைத்த இரண்டாவது தங்கம். ஹாலில் இப்படி டிஜே சண்டை தீர்ப்பது நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பேர் மட்டும் ஆடும் ஆட்டத்தில் கோபத்தை மறைத்துக்கொள்ள ஆள் மறைவு கிடையாது.

பாரிஸுக்கும் வாலிபாலுக்கும் பழைய உறவு உண்டு. 1924 ஒலிம்பிக்கின்போது அமெரிக்க விளையாட்டுகளைக் காட்டுவதற்காக அங்கே இதை ஆடிக் காட்டினார்கள். 1947-இல் சர்வதேசக் கூட்டமைப்பு பிறந்ததும் அங்கேதான். 1924-இல் அதே பாரிஸுக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துச் சென்றவர் ஹாரி குரோ பக். 1920-இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். வாலிபாலே 1895-இல் மாசசூசெட்ஸ் ஹோலியோக் நகர ஒய்எம்சிஏவில் வில்லியம் மார்கன் கண்டுபிடித்ததுதான் என்பதால், அந்த அமைப்பு போன இடமெல்லாம் வலையும் பந்தும் கூடப் போயின. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் இரண்டு கம்பம் நிற்பதற்கு அங்கிருந்து ஒரு நூல் வருகிறது.

ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, 1958-லும் 1986-லும் வெண்கலம். கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ் இத்தாலி லீக்கில் ஆடப் போனவர், 1987-இல் அங்கேயே சாலை விபத்தில் இறந்தார். 2023-இல் ஹாங்சோவில் தென்கொரியாவை 3-2 என்று வென்று ஒரு வாரம் எல்லோரையும் பேச வைத்த அணி, காலிறுதியில் ஜப்பானிடம் நின்றுபோனது. ஒலிம்பிக்கில் இந்தியா ஹாலிலும் இல்லை, மணலிலும் இல்லை. ஹாலுக்கு 12 பேர் கொண்ட ஏற்பாடு இல்லை என்பது புரிகிறது. மணலுக்கு இரண்டு பேர் வேண்டும், நான்கு வருடம் அவர்களை ஊர் ஊராக அனுப்பக் காசு வேண்டும். கடற்கரைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நார்வேயில் சாந்த் என்ற ஊரின் பள்ளியைப் பார்த்தால் கடற்கரைகூடக் கட்டாயமில்லை என்று தெரிகிறது.

2028-இல் ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்புகிறது. ஹால் ஆட்டங்கள் அனஹைம் நகரின் ஹோண்டா சென்டரில். மணலுக்கு முதலில் சொன்ன இடம் சாந்தா மோனிகா, பிறகு லாங் பீச்சின் அலமிட்டோஸ் கடற்கரை என்று மாறியது. பாரிஸ் முடிந்த அடுத்த மாதமே கிராய் பெண்கள் அணியை விட்டு அமெரிக்க ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். அவர் அப்பாவோடு ஆடிப் பழகிய அதே கலிஃபோர்னியாவில் ஒலிம்பிக் மணல் கொட்டும் நேரத்தில், அவர் குளிர்சாதன அரங்கின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு லிபரோவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.